ஐம்பத்தெட்டு நிமிடம்

ஓப்பநாயக்கக் கடைவீதியில் என்னுடையது கொமினிகேஷன் கடை. போட்டோ கொப்பி, போன் ரீலோட், பாஸ்போர்ட் விண்ணப்பம், பஸ் சீட், ப்ளேன் டிக்கட் எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். கடையின் நடுவே ஓர் அலுமாரியை மறிப்பாக வைத்து, அந்தப் பக்கத்தில் என் மனைவி ஹபீஸா சீலைத் துணி விற்கிறாள். எங்கே போக வேண்டுமென்றாலும் வழி கேட்க ஊரார் என்னிடம் வருவார்கள். நானும் நாலு தரம் போய் வந்தவன் போலச் சொல்லுவேன். என் பெயர் ஸமீம். இது என் கதை இல்லை, அழகமுத்து அண்ணனின் கதை. ஆனால் என்னை ஒளித்து வைத்துவிட்டு இதைச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

அழகமுத்து அண்ணனுக்கு அறுபத்தொரு வயது. தேயிலை ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரில் அவர் முப்பத்தாறு வருஷம் ஒரே வேலை பார்த்தார். அரைத்த கொழுந்தைப் பரப்பிப் போட்டு, பச்சை மாறிச் செம்பு நிறம் வரும்வரை காத்திருந்து, சரியான நேரத்தில் அடுப்புக்கு அனுப்புவது. முந்தினால் பச்சை வாடை அடிக்கும், பிந்தினால் சாயம் செத்துவிடும். மழை நாளில் ஒரு நேரம், வெயில் நாளில் ஒரு நேரம். சுவரில் மணிக்கூடு தொங்கினாலும் டீமேக்கர் ஐயா அண்ணனின் மூக்கைத்தான் பார்ப்பாராம். அந்தப் பெருமை அண்ணனுக்குக் கொஞ்சம் உண்டு. பஸ் வருவதற்கு இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் ஹோல்ட்டுக்கு வருவார், ஒரு நாளும் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. நேரத்தை மூக்கால் பிடிக்கிற மனிதர் என்று நான் கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார்.

அவரைப் பெற்றபோதே தாய் இறந்துவிட்டார். வளர்த்தது அக்கா மருதாயி. தம்பி பிறந்தபோது அக்காவுக்குப் பத்து வயது. கொழுந்துக் கூடையில் துணி விரித்து அவரைக் கிடத்தி, மலைக்கு மலை தூக்கிப் போனதாகச் சொல்வார். அக்காவுக்குப் பதினெட்டு வயதில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்திருந்தது. அப்போது ஓப்பநாயக்கவரைக்கும் சின்னக் கோச்சி, அதாவது சின்ன ரயில், ஓடியது. எழுபத்திரண்டாம் வருஷம் ஒரு காலையில் அக்கா அதில் ஏறிக் கொழும்பு போய், அங்கிருந்து தலைமன்னார், கப்பல், இந்தியா என்று போய்விட்டார். தம்பிக்கு எட்டு வயது. அதோடு ஐம்பத்துமூன்று வருஷம் இருவரும் நேரில் பார்க்கவே இல்லை.

போகாமல் இருந்ததற்குக் காரணம் கேட்டால் ஒன்றுக்குப் பத்துச் சொல்லலாம். முதலில் கலவரம், பிறகு பிள்ளை வளர்ப்பு, பிறகு மனைவியின் நோய். பாஸ்போர்ட் எடுத்த கையோடு கொரோனா வந்தது. அது போக, நாட்டில் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றோம். எந்த வீட்டிலும் நடக்கிறதுதான். இடையில் கடிதம் இருந்தது, கடைசியில் வாட்ஸ்அப் வந்தது.

முதல் வாட்ஸ்அப் அழைப்பு என் கடையில் வைத்துத்தான் நடந்தது. எட்டு வருஷம் இருக்கும். திரையில் நரைத்த தலையோடு ஒரு அம்மாள் வந்தார். கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் லயத்து வீடு, அங்கேயும் கொழுந்துதான் பறித்திருக்கிறார். ஐந்து நிமிஷம் இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு அக்கா ஒன்று சொன்னார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"தம்பி, எங் கொழுந்தன் பொண்டாட்டிக எல்லாம் எனக்குப் பொறந்த வூடு இல்லைங்கிறாளுக. பொறந்த வூடு கடலுக்கு அங்கிட்டுக் கெடக்கு, நீ செத்தாலும் ஒரு மொழத் துணி வராதுன்னு மொகத்துக்கு நேராவே சொல்றாளுக. நா போற அன்னைக்கு நம்ம ஊர்க் கடையில வாங்கின கோடி ஒண்ணு எம்மேல விழணும். நீதான் போடணும்."

"போடுறேங்க்கா. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு" என்றார் அண்ணன்.

கோடி என்பது புதுச்சீலை. பெண் ஒருத்தி இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து சகோதரன் கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். அது விழாமல் தூக்கினால் அவள் நாதியற்றவள் என்று பேர். நான் பக்கத்தில் நின்று யாருக்கோ ரீலோட் போட்டுக்கொண்டே இதைக் கேட்டேன். அதற்குப் பிறகு மறந்தும் போனேன்.

போன ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, கடை திறந்ததும் அண்ணன் வந்து நின்றார். அக்காவுக்கு ஆவணியிலேயே ஒரு தரம் உடம்புக்கு முடியாமல் போனது. அப்போதே விசா எடுத்து வைத்திருந்தோம். அக்கா தேறியதும் பயணம் தள்ளிப் போயிற்று. இப்போது அக்காவின் மகன் கிருஷ்ணகுமார் போன் எடுத்திருக்கிறான். சிறுநீரகம் இரண்டும் விட்டுவிட்டதாம், ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்களாம்.

"வெள்ளிக்கெழம தாண்டுறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிருக்காருங்க" என்றார் அண்ணன். "எந்த வழியா போனா எப்பப் போய்ச் சேரலாம்னு பாத்துச் சொல்லுங்க மொதலாளி."

பழுதாகிப் போன ஒரு போட்டோ கொப்பித் தாளைத் திருப்பிப் போட்டு நடுவில் கோடு கிழித்தேன். ஒரு பக்கம் ப்ளேன், மறுபக்கம் கோச்சி. எனக்கு இப்படி எழுதுவதில் ஒரு ஆசை. ப்ளேன் பக்கத்தில் எழுதியது இது: செவ்வாய் ராத்திரி பஸ், புதன் காலை கட்டுநாயக்க, ஒரு மணித்தியாலத்தில் திருச்சி, அங்கிருந்து பஸ்ஸில் கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம், மலைப் பஸ், புதன் இரவு கோத்தகிரி. கோச்சிப் பக்கத்தில்: புதன் காலை கொழும்புக் கோட்டையில் கோச்சி, பின்னேரம் காங்கேசன்துறை, வியாழன் காலை கப்பல், நாகப்பட்டினம், இரவுக் கோச்சி, வெள்ளி காலை மேட்டுப்பாளையம், மத்தியானம் கோத்தகிரி.

"இதில யோசிக்க என்ன ஈக்குது அண்ணே" என்றேன். "ப்ளேனப் போடுறேன்."

அவர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டார். பிறகு கேட்டார்: "வெள்ளி மத்தியானத்துக்குப் பொறகு போய்ச் சேர்ற மாதிரி, இன்னுங் கொஞ்சம் சொணங்கிப் போற வழி ஏதும் இருக்குங்களா?"

நான் சிரித்துவிட்டேன். "அதவிடச் சொணங்கிப் போகணும்டா நீந்தித்தான் போகணும்" என்றேன்.

அவரும் கொஞ்சம் சிரித்தார். "அப்ப கோச்சியும் கப்பலும் போடுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ப்ளேனுக்குப் பயம் என்று முடிவு செய்துவிட்டேன். இந்தப் பக்கத்தில் அப்படிப் பயப்படும் ஆட்கள் நிறைய உண்டு. நானும் விடாமல், வானத்தில் பள்ளமில்லை, பெலிஹுல்ஓயா றோட்டை விடத் திறம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாரே தவிர மாறவில்லை. கோச்சியும் கப்பலும் போட்டுக் கொடுத்தேன்.

பிறகு அலுமாரிக்கு அந்தப் பக்கம் போய் ஹபீஸாவிடம் ஒரு சீலை கேட்டார். மஞ்சள் உடம்பு, சிவப்புக் கரை, நூல் சீலை. விலை கேட்டார், சொன்னாள், அப்படியே எடுத்துக் கொடுத்தார். அவள் அழகான பை ஒன்று எடுத்தபோது, பேப்பரில் சுற்றித் தந்தால் போதும் என்றார்.

அவர் போனதும் ஹபீஸா சொன்னாள்: "இஞ்ச பாருங்க, அந்த மனிசன் கைலேஞ்சி ஒண்டு வாங்கினாலும் அஞ்சு ரூபா கொறைக்கச் செல்லுவாரு. இண்டைக்கி வாயே தொறக்கல்ல."

"அக்காவுக்குக் கொண்டு போறாரு, அதுல பேரம் பேசுவாரா" என்றேன் நான். அதிகம் தெரிந்தவன் அல்லவா.

செவ்வாய்க்கிழமை அவரை அவர் மகள் வந்து பஸ் ஏற்றினாள். வழக்கம் போல இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் வந்தார். சட்டைப் பையில் என் தாள் நாலாக மடித்து வைத்திருந்தது தெரிந்தது.

புதன் பின்னேரம் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்துவிட்டதாக அழைத்தார். வியாழன் காலையில் கப்பல் இல்லை. வங்காளக் கடலில் தாழமுக்கமாம், அலை பெரிதாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். வெள்ளியும் அதே பேச்சு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விடுதியில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்.

வெள்ளி காலை கிருஷ்ணகுமார் என்னையே அழைத்தான். டிக்கட் போட்டவன் நான் என்று என் இலக்கம் அவனிடம் இருந்தது. "அம்மா நெனவாத்தான் இருக்காங்க. கட்டில வாசப் பக்கம் திருப்பிப் போடச் சொல்லிட்டாங்க. மாமா எங்க வந்துட்டாருன்னு மணிக்கு ஒருக்கா கேக்குறாங்க. எப்டியாச்சும் சீக்கிரம் அனுப்பி விடுங்க சார்" என்றான்.

உடனே கணினியில் பார்த்தேன். காங்கேசன்துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பலாலி விமான நிலையம். அங்கிருந்து அன்று பகல் திருச்சிக்கு ஒரு ப்ளேன், அதில் இடமும் இருந்தது. ஏறினால் மறுநாள் விடியும் முன்னே அக்காவின் வாசலில் நிற்கலாம். அண்ணனை அழைத்துச் சொன்னேன்.

"வேணாங்க மொதலாளி. நாளைக்குக் கப்பல் போகும்ங்கிறாங்க."

"நாளைக்கு நாளைக்குண்டு ரெண்டு நாள் போச்சு. நான் இப்பவே டிக்கட் போடுறேன், நீங்க ஒரு ஆட்டோவப் பிடிச்சுப் போங்க."

"வேணாங்க."

"அங்க அந்த மனுசி வாசலப் பாத்துக்கிட்டுக் கெடக்குதாம் அண்ணே."

போனில் காற்று இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. எனக்கு எப்போதும் வாய் முந்தும். "ஓங்களுக்கு அக்காவ விட ஓங்கட உசிருதான் பெரிசு போல" என்றேன்.

"ஹரி மொதலாளி" என்று மட்டும் சொன்னார். சரி என்பதற்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் சிங்களச் சொல். நான் போனை வைத்தேன். அன்று முழுக்க யார் வழி கேட்டு வந்தாலும் எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு அவரே அழைத்தார். குரல் சாதாரணமாக இருந்தது.

"அக்கா போயிருச்சுங்க. அஞ்சு மணிக்கு."

நான் இன்னாலில்லாஹி சொன்னேன்.

"இப்ப அந்த ப்ளேனப் போடுங்க மொதலாளி" என்றார். "இனிப் போகலாம்."

டிக்கட் போட்டு முடிக்கும்வரை அந்தச் சொல் எனக்கு உறைக்கவில்லை. அச்சடிக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நேற்று வரை ப்ளேனுக்குப் பயந்த மனிதர், இன்றைக்கு ஏன் பயப்படவில்லை? ஹபீஸாவைக் கூப்பிட்டு, அவர் கொண்டுபோன சீலை என்ன சீலை என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. விளங்கி என்ன செய்ய, எல்லாம் முடிந்த பிறகு.

பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு அவர் ஊர் திரும்பினார். வந்த இரண்டாம் நாள் கடைக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. ஹபீஸா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்குச் சொன்ன சொல் தப்பு என்றேன். அவர் அதைக் கையால் தள்ளிவிட்டார்.

"நீங்க சொன்னதுல என்னங்க தப்பு. வெளிய நின்னு பாத்தா அப்டித்தான் தெரியும்" என்றார். பிறகு அவராகவே சொன்னார்.

அவர் மனைவி பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கொடகவெலயிலிருந்து அவளுடைய அண்ணன் பார்க்க வந்தான். ஆள் பிழைக்காது என்று கேள்விப்பட்டு, கோடிச் சீலையையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறான். திரும்ப அலைய வேண்டாம் என்ற எண்ணம். கட்டிலுக்குப் பக்கத்தில் பையை வைத்தபோது சீலையின் கரை வெளியே தெரிந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாளாம். அன்று பின்னேரமே போய்விட்டாள். அந்த மைத்துனனோடு அண்ணன் இன்றுவரை பேச்சில்லை. சண்டை எங்களுக்குத் தெரியும், காரணம் இப்போதுதான் தெரிந்தது.

"உசிரோட இருக்கிற ஆளுக்கு முன்னால கோடி போகக் கூடாதுங்க. அது வாசல் தாண்டிருச்சுன்னா வெறுமனே திரும்பாது. ப்ளேன்ல போனா புதன் ராத்திரி போயிருவேன், அக்கா உசிரோட இருக்கும். நா கோடியோட போய் நின்னா, நானே அதக் கொண்டு போட்ட மாதிரி."

"அப்ப கோடிய இங்க வச்சிட்டுப் போயிருக்கலாமே" என்றாள் ஹபீஸா.

"நம்ம ஊர்க் கடையில வாங்கினது வேணும்னு கேட்டுச்சேம்மா. அம்பத்திமூணு வருசத்துல அது எங்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதான்."

"பைக்குள்ள மறைச்சு வச்சிருக்கலாமே அண்ணே" என்றேன் நான்.

"ஆளுக்கிட்ட மறைக்கலாங்க, சாவுக்கிட்ட மறைக்க ஏலாதே."

அதனால்தான் என் தாளில் சுணங்கிப் போகிற வழியைத் தேடியிருக்கிறார். டாக்டர் சொன்ன வெள்ளிக்கிழமையை எடுத்து வைத்துக்கொண்டு, முந்தாமலும் பிந்தாமலும் போய்ச் சேர நேரம் பிடித்திருக்கிறார். ஸ்டோரில் முப்பத்தாறு வருஷம் தவறாத மூக்கு. இந்தியாவில் ஐஸ் பெட்டி வாடகைக்கு எடுத்து உடலை இரண்டு நாள், மூன்று நாள் வைத்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தோட்டத்தில் போல அன்றைக்கன்றே எடுத்துவிடுவார்கள், கோடி விழாமலே அக்கா போய்விடும் என்று நினைத்துவிட்டார். சனிக்கிழமை மருமகன் போனில் சொன்னபோதுதான் ஐஸ் பெட்டியைப் பற்றி அறிந்தாராம். எனக்குத் தெரியும். என்னிடம் அவர் கேட்கவில்லை, நானும் ஏன் சுணங்கிப் போக வேண்டும் என்று கேட்காமல் நீந்தச் சொன்னேன்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். என் உம்மா ஹஜ்ஜுக்குப் போனபோது இறந்தால் உடம்பில் சுற்றுகிற கஃபன் துணியைத் தானே மக்காவில் வாங்கி, ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்தார். பதினொரு வருஷம் அது எங்கள் அலுமாரியில் பெருநாள் உடுப்போடு உடுப்பாகக் கிடந்தது. உம்மாவே எடுத்துப் பார்த்து மடித்து வைப்பார். அது யாரையும் கொண்டுபோகவில்லை. அண்ணன் வாய் திறந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். சொன்னாலும் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

"போடப் போனப்ப என்ன நடந்துச்சு தெரியுங்களா" என்று துணிப்பையைத் தொட்டார் அண்ணன். "ஞாயித்துக்கெழம விடியக் காலம போய்ச் சேர்ந்தேன். வாசல்ல ஐஸ் பெட்டியில அக்கா. எம் மருமகன் பொண்டாட்டி என்னத் தனியாக் கூப்புட்டு, டிரங்குப் பெட்டியில இருந்து ஒரு சீலைய எடுத்து எங் கையில குடுக்குது. என்னம்மான்னேன். 'அத்த வாங்கி வச்சது மாமா. ரெண்டு வருசமாச்சு. அப்ப அத்த எங்கிட்ட, எந் தம்பி கையில எதயும் தூக்கிக்கிட்டு வரக் கூடாது, கோடிய நெனச்சுக்கிட்டு வாறதுக்குப் பயந்துருவான். வெறுங்கையோட வந்தாப் போதும். நாஞ் செத்தா இத அவங்கிட்டக் குடுத்து எம்மேல போடச் சொல்லு, சிலோன்ல வாங்கினதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லுன்னுச்சு'ன்னு சொல்லுது."

ஹபீஸா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லிருக்கலாம்" என்றார் அண்ணன். "சொல்லாது. சொன்னா நா அழுவேன்னு சொல்லாது. சின்னதுல இருந்தே அப்டித்தான்."

"எந்தச் சீலையப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"நா கொண்டு போனதத்தான். அக்காவோட கொழுந்தன் பொண்டாட்டிக கிட்ட வந்து கரையத் தடவிப் பாத்தாளுக. சிலோன் சீலையா, பொறந்த வூட்டுக் கோடி வந்துருச்சேன்னாளுக. அக்கா ஜெயிச்சிருச்சுங்க." அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அது வாங்கினத அங்க யாரும் வச்சுக்க மாட்டேன்னுட்டாங்க. கோடிய வூட்டுல வைக்கிற வழக்கமில்ல. குழிக்குள்ள போட்டுரலாம்னாங்க. எனக்கு மனசு வரல்ல."

பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். பச்சைச் சீலை, மடிப்புக் கலையவில்லை. எங்களிடம் சீலை வாங்குகிற தோட்டத்துப் பெண்கள் முதலில் மூலையில் மஞ்சள் தடவித்தான் உடுப்பார்கள். இதில் மஞ்சள் இல்லை. அவருடைய அக்கா நல்ல நாளுக்கென்று இதை வாங்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

"இத என் வூட்டுல வச்சா மக பயப்படும்" என்றார். "உங்க ஆளுகளுக்கு இதுல ஒண்ணும் இல்லியே. இங்க வச்சிருங்க. எனக்குன்னு வாற நாளையில எம்மேல போடச் சொல்லிக் குடுங்க. சீலைன்னு சிரிச்சாச் சிரிக்கட்டும். எங்கக்கா வாங்கினது."

ஹபீஸா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். உம்மாவின் துணி இருந்த தட்டில் அதை வைத்ததாகப் பிறகு சொன்னாள்.

அவர் எழுந்தார். பெல்மதுளை பஸ்ஸுக்கு இரண்டு நிமிஷம் இருந்திருக்கும். சட்டைப் பையில் கைவிட்டு அந்தத் தாளை எடுத்தார். மடிப்பில் கிழிந்து போயிருந்தது. என் எழுத்து, நடுவில் கோடு, இந்தப் பக்கம் ப்ளேன், அந்தப் பக்கம் கோச்சி. அதை என் முன்னால் வைத்தார்.

"ஒரு மணித்தியாலம்னு எழுதிருந்தீங்க மொதலாளி. பலாலியில இருந்து நா மணிக்கூடப் பாத்துக்கிட்டே போனேன். ஏறி எறங்க அம்பத்தெட்டு நிமிசந்தான் எடுத்துச்சு" என்றார். "எங்கக்கா புதன் ராத்திரியில இருந்து வாசலப் பாத்துக்கிட்டுக் கெடந்துச்சாம்."

அவர் பஸ் ஹோல்ட்டை நோக்கி நடந்தார். அன்றைக்கு முதல் தடவையாக அந்த பஸ் அவர் போய்ச் சேரும் முன்னே போய்விட்டது. அவர் அடுத்ததற்கு நின்றார்.